கோடைக் கடி எல்லாம் வேர்க்குரு அல்ல

சித்திரை நடுப்பகுதியில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. தெற்கே திரும்பிப் போகும் வழியில் ஆவணி முடிவில் மீண்டும் ஒரு தடவை தலைக்கு மேலே நிற்கிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் வடக்கிலும் கிழக்கிலும் மழை மிகக் குறைவு. வடக்கில் சோளகமும் கிழக்கில் கச்சானும் புழுதியைக் கிளப்புகின்றன. கிணறுகள் அடிக்கு இறங்குகின்றன. சொந்த வளவில், முற்றத்து வேம்பின் கீழ் பாய் போட்டுப் படுத்த காலத்தில் இந்த மாதங்கள் உடம்புக்கு வெறும் அலுப்பாக இருந்தன. தகரக் கூரையின் கீழ், தறப்பாள் மறைப்புக்குள், ஒரே பாயில் நாலு பிள்ளைகளைப் படுக்க வைக்க வேண்டிய நிலையில் அதே மாதங்கள் தோல் நோய்களின் மாதங்களாகி விடுகின்றன.

நலன்புரி நிலையத்தில் இருந்தாலும், உறவினர் வளவில் ஒதுங்கியிருந்தாலும், சொந்தக் காணிக்குத் திரும்பி வந்து தற்காலிகக் கொட்டிலில் இருந்தாலும், தாய்மார் சொல்வது ஒன்றாகவே இருக்கிறது. “பிள்ளைக்குச் சூடு, உடம்பெல்லாம் கடிக்குது.” இந்தச் “சூடு” என்ற ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து வருத்தங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கு நிழலும் காற்றும் போதும். இன்னொன்றுக்கு முழுக் குடும்பத்துக்கும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். வேறொன்றுக்கு, கடையில் வாங்கிப் பூசும் கிறீமே பகையாகி விடுகிறது. எது எதுவென்று பிரித்தறியத் தெரிந்தால் காசும் மிஞ்சும், பிள்ளையும் பிழைக்கும். பிழைக்கும் என்று சொல்வது மிகையல்ல. அதற்கான காரணத்தைக் கீழே காணலாம்.

வேர்வை அடைபடும்போது

கடும் வெயிலில் மண்வெட்டி பிடிப்பவர் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றருக்குக் கிட்ட வேர்வை சிந்தக்கூடும். வேர்வை காற்றில் உலரும்போது உடம்பு குளிர்கிறது. அது உலராமல் தோலிலேயே ஊறிக் கிடந்தால் வேர்வைத் துவாரங்களின் வாய் அடைபடுகிறது. உள்ளே சுரக்கும் வேர்வை வெளிவர வழியின்றித் தோலுக்குள்ளேயே கசிந்து, சிறு சிறு சிவந்த குருக்களாகக் கிளம்பி ஊசி குத்துவது போலக் குத்துகிறது. இதுவே வேர்க்குரு. கழுத்து, முதுகு, நெஞ்சு, சட்டை இறுக்கும் இடங்கள், கைக்குழந்தையின் கழுத்து மடிப்பு ஆகியவை இது விரும்பும் இடங்கள். இது ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றாது. விரல் இடுக்குகளில் வருவதில்லை. குளிர்மையான இடத்தில் இரண்டு மூன்று நாட்கள் இருந்தாலே தணிந்து விடும். இந்த அடையாளங்களை மனதில் வைத்திருங்கள். பின்னால் வரும் நோய்களைப் பிரித்தறிய உதவும்.

ஆகவே வேர்க்குருவுக்கு முதல் மருந்து கூரையில் இருக்கிறது. தகரத்தின் மேல் கிடுகு பரப்பிக் காற்றில் பறக்காமல் கட்டிவிட்டால் உள்ளே இறங்கும் வெக்கை கண்கூடாகக் குறையும். கிடுகுக்கு வழியில்லாதவர்கள் மேற்குப் பக்கத்தில் பயிற்றை, பாகல், பூசணி என்று ஏதாவது ஒரு கொடியை ஏற்றிவிடலாம். குளித்த தண்ணீரே அதற்குப் போதும். கறியும் கிடைக்கும். கமக்காரருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் “இது எங்கட இடமில்லை, இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப் போறம்” என்ற எண்ணத்தில் பலர் கொட்டிலைச் சுற்றி ஒன்றும் நடுவதில்லை. அந்த எண்ணத்திலேயே எத்தனையோ கோடைகள் கழிந்து போயின. கூரைக்கும் மறைப்புக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சூடான காற்று மேலே எழுந்து வெளியேற அது வழி. நண்பகலில் சிறுபிள்ளைகளைக் கொட்டிலுக்குள் உறங்க வைக்காமல் மர நிழலுக்குக் கொண்டுபோங்கள். கைக்குழந்தையைச் சீலையால் இறுகச் சுற்றி வைக்க வேண்டிய காலம் இதுவல்ல.

பவுடரை அள்ளிக் கொட்டுவது நல்லதல்ல. வேர்வையோடு குழைந்து மடிப்புகளில் கட்டிபட்டுத் துவாரங்களை மேலும் அடைக்கும். குழந்தையின் மூக்குக்குள் அந்தத் தூள் போவதும் கேடு. இதே காரணத்தால் வேர்க்குருவுக்கு மேல் தடிப்பாக எண்ணெய் பூசுவதையும் தவிர்க்க வேண்டும். நுங்கு வெட்டும் காலத்தில் நுங்குத் தண்ணீரைத் தடவும் வழக்கம் பழையது. குளிர்மை தரும், தீங்கில்லை, காசும் இல்லை. வைத்தியசாலையில் கிடைக்கும் கலமைன் மருந்தும் கடியைத் தணிக்கும்.

இரவில் கூடும் கடி

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் முக்கிய விடயம். பகலில் ஓரளவு பேசாமல் இருந்து, பாயில் சரிந்தவுடன் கடி தாங்க முடியாமல் போகிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, கமக்கட்டு, தொப்புளைச் சுற்றிய பகுதி, அரை, ஆண்பிள்ளைகளின் உறுப்பு ஆகிய இடங்களில் குருக்கள் தெரிகின்றனவா? கைக்குழந்தையின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளங்கள் உண்டா? வீட்டில் இரண்டாவது ஆளுக்கும் கடிக்கத் தொடங்கிவிட்டதா? அப்படியானால் அது சூடு அல்ல, சொறி.

சொறியை உண்டாக்குவது அரை மில்லிமீற்றருக்கும் சிறிய ஓர் உயிரி. பெண் உயிரி மேல்தோலைக் குடைந்து உள்ளே முட்டை இடுகிறது. சாதாரணமாக ஒருவரின் உடம்பில் பத்துப் பதினைந்துக்கு மேல் இருப்பதில்லை. உடம்பெல்லாம் கடிப்பதற்குக் காரணம் அவற்றின் எண்ணிக்கையல்ல. அவற்றுக்கும் அவற்றின் எச்சத்துக்கும் எதிராக எங்கள் தோல் காட்டும் எதிர்ப்பே கடியாக வெளிப்படுகிறது. முதல் தடவை தொற்றியவருக்கு இந்த எதிர்ப்புத் தோன்ற நாலு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். அதுவரை அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவரிலிருந்து மற்றவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இங்குதான் பெரும்பாலான குடும்பங்களின் முயற்சி வீணாகிறது. ஆறு பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். இரண்டு பிள்ளைகளுக்குக் கடிக்கிறது. தாய் வைத்தியசாலைக்குக் கூட்டிச்சென்று மருந்து வாங்கி, அந்த இரண்டு பேருக்கும் மட்டும் பூசுகிறார். பிள்ளைகள் சுகமாகிறார்கள். கடி இன்னும் தொடங்காத தகப்பனிடமும் பாட்டியிடமும் அதே உயிரி இருக்கிறது. ஒரே பாய், ஒரே போர்வை. ஒரு மாதத்தில் பிள்ளைகளுக்குத் திரும்பவும் கடி. “அந்த மருந்து சரியில்லை” என்று தாய் அதைக் கைவிட்டு விடுகிறார். மருந்து சரியானதே. பூசிய ஆட்கள் தொகைதான் போதவில்லை.

எனவே மருந்து கேட்கும்போது “வீட்டில் ஆறு பேர்” என்று முதலிலேயே சொல்லுங்கள். கடி உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். பேர்மெத்ரின் கிறீம் என்றால் பின்னேரம் குளித்து, உடம்பு உலர்ந்து ஆறிய பின், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓரிடமும் விடாமல் பூசுங்கள். விரல் இடுக்கு, நக அடி, தொப்புள், பிட்ட மடிப்பு ஆகியவற்றைப் பலர் விட்டு விடுகிறார்கள். கடிக்கும் இடத்தில் மட்டும் தொட்டு வைப்பதால் பயனில்லை. இரவு முழுதும் விட்டு மறுநாள் காலையில் கழுவலாம். இடையில் கை கழுவினால் கைக்கு மீண்டும் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை இதே போலப் பூசுங்கள். பென்சைல் பென்சோயேற் என்ற வெள்ளைத் திரவத்தைத் தந்தால் அது பூசியவுடன் எரியும். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கலந்து ஐதாக்கியே பூச வேண்டியிருப்பதால், எவ்வளவு கலப்பது, எத்தனை நாள் பூசுவது என்பதை மருந்து தருபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருந்தாலும், கர்ப்பிணித்தாய் இருந்தாலும் அதையும் சொல்லுங்கள். அவர்களுக்கு மருந்து வேறாக இருக்கலாம்.

உடுப்பு, போர்வை, துவாய் ஆகியவற்றை அன்றே அவித்துத் தோயுங்கள், அல்லது தோய்த்துக் கொளுத்தும் வெயிலில் உலர்த்துங்கள். தண்ணீர் இல்லையென்றால் ஒரு பையில் இட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிட்டால் போதும். மனித உடம்பை விட்டால் இந்த உயிரி இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் வாழாது. பாயை வெயிலில் விரித்து விடுங்கள். கோடை எங்களுக்குச் செய்யும் ஒரே உபகாரம் இந்த வெயில்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். சரியாக மருந்து பூசிய பின்னும் இரண்டு மூன்று வாரங்களுக்குக் கடி இருக்கும். செத்த உயிரியின் மிச்சம் தோலுக்குள் இருப்பதே காரணம். அதைக் கண்டு நாள்தோறும் மருந்து பூசிக்கொண்டே போனால் தோல் வெந்துவிடும்.

மண்ணெண்ணெய், பற்றிக் கரி, பயிருக்கு அடிக்கும் மருந்து ஆகியவற்றைச் சொறிக்குப் பூசும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. இவை தோலை எரிப்பதோடு உடம்புக்குள்ளும் இறங்கும். பயிர் மருந்தால் உயிரே போகலாம். வேப்பிலை அவித்த தண்ணீரும் மஞ்சளும் அப்படிப்பட்டவையல்ல. ஓரளவு இதம் தரும். ஆனால் அவற்றை மட்டும் நம்பியிருந்தால் சொறி போகாது.

சிறுநீரகத்துக்குப் போகும் வழி

சொறியைப் “பிள்ளைகளுக்கு வாறதுதானே” என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இதுதான். சொறிந்த இடத்தில் நகம் பட்டுத் தோல் கிழிகிறது. அதில் கிருமி ஏறிச் சீழ் வைத்து, தேன் நிறத்தில் பொருக்குக் கட்டுகிறது. இதைச் சிரங்கு என்கிறோம். அந்தக் கிருமிகளில் ஒருவகை, புண் ஆறி மூன்று வாரம் ஆன பின்னரும் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய எதிர்விளைவை உண்டாக்குகிறது. காலையில் எழும்பும்போது பிள்ளையின் முகமும் கண்மடலும் வீங்கியிருத்தல், சிறுநீர் குறைதல், அது சாயத் தேத்தண்ணீர் நிறத்தில் போதல், தலையிடி என்பன இதன் அடையாளங்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் சிகிச்சையால் சுகமடைவார்கள். தாமதித்தால் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பும் வரலாம். 1971ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவான திரினிடாட்டில் பிள்ளைகளிடையே சிறுநீரக அழற்சி பரவியபோது, அதன் பின்னணியில் சொறி இருந்ததை வைத்தியர்கள் கண்டார்கள்.

சீழ் வைத்த சிரங்குக்குச் சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் கொண்டு பொருக்கை ஊறவைத்துக் கழற்றிவிட்டு, வைத்தியர் தரும் மருந்தைப் பூச வேண்டும். புண்கள் அதிகமென்றால் உள்ளுக்கு மருந்தும் தேவைப்படும். பிள்ளைகளின் நகத்தை வாரம் ஒரு தடவை ஒட்ட வெட்டிவிடுவது செலவில்லாத பெரும் பாதுகாப்பு.

ஒரு குடும்பத்துக்குச் சொன்னது ஒரு வரிசைக் கொட்டில்களுக்கும் பொருந்தும். பிஜித் தீவுகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. சில தீவுகளில், கடி உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல், ஊரிலுள்ள எல்லோருக்கும் ஐவர்மெக்ரின் குளிசை கொடுத்தார்கள். குளிசை எடுக்க முடியாதவர்களுக்குக் கிறீம் கொடுத்தார்கள். அங்கே நூறு பேரில் 32 பேருக்கு இருந்த சொறி, ஒரு வருடத்தின் பின் 2 பேருக்கும் குறைவாகியது. வருத்தக்காரருக்கும் அவர்களோடு தொடர்புள்ளவர்களுக்கும் மட்டும் வழக்கம் போல மருந்து கொடுத்த இடத்தில் 37 பேர் 19 பேராகவே குறைந்தார்கள். உங்கள் நிலையத்தில் அல்லது கிராமத்தில் பல குடும்பங்களுக்குச் சொறி இருந்தால், தனித்தனியே வைத்தியசாலைக்கு நடப்பதை விட, மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து கேட்பதே புத்தி. சொறி என்று சொல்ல வெட்கப்படுவோர் இருப்பார்கள். நெருக்கமாக வாழ வேண்டி வந்ததால் வந்த நோய் இது. ஊத்தையால் வந்ததல்ல.

வட்டமாகப் படருவது

அரை இடுக்கிலும், இடுப்பில் சாரம் அல்லது பாவாடை நாடா இறுக்கும் இடத்திலும், மார்பின் கீழும் வட்டமாகப் படர்ந்து, ஓரம் தடித்துச் செதில் தட்டி, நடுப்பகுதி தெளிந்து காணப்படுவது படர்தாமரை. இது பூஞ்சணத்தால் வருவது. ஈரமும் வெக்கையும் சேர்ந்த இடமே அதன் விளைநிலம். குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சண மருந்தை நாளுக்கு இரண்டு தடவை, வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் வரை பூச வேண்டும். மறைந்துவிட்டது என்று தெரிந்த பின்னும் இரண்டு வாரம் பூசுவது அவசியம். மறைந்த அன்றே நிறுத்துவதால்தான் அடுத்த மாதம் திரும்ப வருகிறது.

இந்த நோயில் பலர் தாமாகவே தேடிக்கொள்ளும் கேடு ஒன்று உண்டு. கடையில் “கடிக்கு ஒரு ரியூப்” என்று கேட்டு வாங்கும் கிறீம்களில் பீட்டாமெதசோன், குளோபீட்டாசோல் போன்ற ஸ்ரீரொயிட் மருந்துகள் இருப்பதுண்டு. பூசிய இரண்டு நாளில் கடி நின்றுவிடும். கைகண்ட மருந்து என்று அயலுக்கும் சொல்லுவோம். ஆனால் அது தோலின் எதிர்ப்பை அடக்குகிறதே தவிரப் பூஞ்சணத்தைக் கொல்வதில்லை. எதிர்ப்பு இல்லாத தோலில் பூஞ்சணம் தாராளமாகப் படரும். வட்டத்தின் உருவம் மாறி, வைத்தியருக்கே இது என்னவென்று தெரியாமல் போகும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து வரிவரியாக வெடிக்கும். எளிதில் மாறாத படர்தாமரை கடந்த சில ஆண்டுகளாகத் தெற்காசியா முழுவதும் பரவி வருகிறது. அதற்கு இந்தக் கலப்புக் கிறீம்களும் ஒரு காரணம் என்று தோல் வைத்திய நிபுணர்கள் கருதுகிறார்கள். ஸ்ரீரொயிட் கிறீமுக்கு உரிய இடமும் உண்டு. எதற்கு, எத்தனை நாள் என்பதை வைத்தியர் சொல்லட்டும். வைத்தியசாலைக்குப் போகும்போது இதுவரை பூசிய ரியூப்களையும் கையில் கொண்டுபோங்கள்.

முகத்தை வெளுப்பாக்கும் கிறீம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கைச் சந்தையில் விற்ற இத்தகைய சில கிறீம்களில் பாதரசம் இருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. பாதரசமும் சிறுநீரகத்தைக் கெடுப்பது. வெயிலில் வேலை செய்து கறுத்த முகத்துக்கு வைத்தியம் தேவையில்லை.

ஒரு வாளித் தண்ணீர்

“நல்லாகக் குளியுங்கள்” என்று எழுதிவிடுவது எளிது. இடம்பெயர்ந்தோருக்கு உதவும் நிறுவனங்கள் பின்பற்றும் சர்வதேச நியமம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் என்கிறது. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் அதற்குள் அடங்கும். மாதத்துக்கு 250 கிராம் குளியல் சவர்க்காரமும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. பவுசர் வராத நாளில் அந்த 15 லீற்றரும் கிடைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒரு வாளி மட்டுமே இருக்கும் நாளில் அதை இப்படிப் பிரிக்கலாம். முதலில் இரண்டு பேணித் தண்ணீரால் உடம்பை நனைத்துக் கையால் தேய்த்துப் புழுதியைக் கழற்றுங்கள். சவர்க்காரம் கமக்கட்டு, அரை, பிட்டம், பாதம், கை ஆகிய இடங்களுக்கு மட்டும் போதும். முதுகுக்கும் நெஞ்சுக்கும் நாள்தோறும் சவர்க்காரம் தேவையில்லை. தோலில் இயல்பாக உள்ள எண்ணெய்த் தன்மையை அது கழுவிவிடும். மிச்சத் தண்ணீரை மேலிருந்து கீழாக விட்டுச் சவர்க்காரம் முற்றாகப் போகக் கழுவுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் கிணறுகளிலும், கரையோரச் சவர்க் கிணறுகளிலும் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளையாகத் திரண்டு தோலில் ஒட்டும். அது உலர்ந்ததும் கடிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கடைசி ஒரு பேணியாவது நல்ல தண்ணீராக இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியும். துடைக்கும்போது விரல் இடுக்கையும் அரையையும் உலரத் துடைப்பது குளிப்பளவு முக்கியம். குளிக்க முடியாத நாளில் ஈரத்துணியால் மடிப்புகளை மட்டுமாவது துடைத்து, உள்ளாடையை மாற்றுங்கள். துவாய் ஆளுக்கு ஒன்று இல்லாவிட்டால் ஒரு பழஞ்சீலையைக் கிழித்து ஆளுக்கொரு துண்டாகக் கொடுக்கலாம்.

வயலிலும் தோட்டத்திலும்

கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பது பாதி உண்மை. வெள்ளையரைப் போல எங்களுக்கு எளிதில் தோல் கொப்பளிப்பதில்லை. ஆனால் உதடு வெடிப்பதும், கண்ணின் வெள்ளையில் சதை வளருவதும், தோல் தடித்துச் சுருங்குவதும் வெயிலின் வேலையே. உங்கள் நிழல் உங்களை விடக் குட்டையாக இருக்கும் நேரமே கடும் வெயில் நேரம். அந்த நேரத்தில் குனிந்து செய்யும் வேலையைத் தவிர்க்க முடியாவிட்டால், பழைய முழுக்கைச் சட்டையும் பனையோலைத் தொப்பியும் போதும். விலை கூடிய வெயில் கிறீமை விட ஒரு பழஞ்சட்டை மேல். தோலும் முடியும் வெண்மையாகப் பிறந்த பிள்ளைகள் இதற்கு விலக்கு. அவர்களுக்குச் சட்டையோடு வெயில் கிறீமும் வேண்டும். எலிக்காய்ச்சல் தடுப்புக்காக வயல்காரருக்குக் கொடுக்கப்படும் டொக்சிசைக்கிளின் மருந்து, சிலருக்கு வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைத்துவிடும். அதற்காக அந்த மருந்தை நிறுத்த வேண்டாம். உடம்பை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். தேசிக்காய் பிழிந்த கையோடும், தேசிக்காய்ச் சாறு பூசிய முகத்தோடும் வெயிலில் போனால் சாறு பட்ட இடம் வெந்து, மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

தோல் ஒரு மதிலல்ல. ஈரமாக இருக்கும் பச்சைப் புகையிலையை வெட்டிச் சுமந்தவருக்குத் தலைசுற்றும் சத்தியும் வருவது புகையிலை நஞ்சு தோல் வழியே இறங்குவதால்தான். பயிர் மருந்தும் அப்படித்தான். வேர்த்து நனைந்த தோலும், புண்ணுள்ள தோலும் அதை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். உடம்பில் மிக விரைவாக உறிஞ்சும் பகுதி அரை. வெக்கையென்று மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மருந்து அடிப்பவர் தன் உடம்புக்கும் சேர்த்தே அடித்துக் கொள்கிறார். சோளகம் பலக்க முன்னர், விடிகாலையில், காற்று முதுகுப் பக்கம் இருக்க அடிப்பதே முறை. தெளிகருவி ஒழுகினால் திருத்தாமல் தோளில் போடாதீர்கள். அடித்து முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேராமல் தனியே தோயுங்கள்.

பல ஆண்டுகளின் பின் காணிக்குத் திரும்பியவர்களுக்கு இன்னொரு பகை காத்திருக்கிறது. கரட் இலை போன்ற இலையும் சிறு வெள்ளைப் பூவும் உள்ள பாதீனியம். 1987இல் இந்திய அமைதிப்படையின் தேவைக்குக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு இது வன்னிக்கு வந்ததாக நம்பப்படுகிறது. கைவிடப்பட்ட வயல்களும் தோட்டங்களும் அதற்கு வாய்ப்பாகிவிட்டன. உலர்ந்த செடியின் தூளும் பூந்தூளும் காற்றில் பறந்து பட்டாலே சிலருக்குக் கண்மடல், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்கள் சிவந்து தடித்து நீர்வடியும். செடியைத் தொட்டே ஆகவேண்டும் என்பதில்லை. வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமலிருந்து திடீரென ஒவ்வாமை தொடங்கவும் கூடும். தொடங்கினால் ஆயுளுக்கும் நிற்கும். ஆகவே கோடையில் உலர்ந்து நிற்கும் பாதீனியத்துக்குள் வெறும் உடம்போடு இறங்க வேண்டாம். மழை விழுந்து மண் நெகிழ்ந்த பின், பூக்குமுன்னர், கையில் பொலித்தீன் பையாவது சுற்றி, முழுக்கைச் சட்டையோடு வேரோடு பிடுங்கிக் குழியில் புதைப்பதே நல்லது. ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவர் இந்த வேலையை மற்றவருக்கு விட்டுவிட வேண்டும். வெடிபொருள் அகற்றப்பட்டதென்று உறுதி செய்யப்படாத காணியில் எந்தக் களையும் பிடுங்க இறங்காதீர்கள் என்று சொல்லவும் வேண்டுமோ?

பாதம்

வரண்ட காற்றில் குதிக்கால் வெடிப்பது வழக்கம். இரவில் பாதத்தைத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்துத் தேய்த்து, ஈரம் முற்றாக உலருமுன் தேங்காயெண்ணெய் பூசிப் பழந்துணி சுற்றிப் படுத்தால் ஒரு வாரத்தில் வெடிப்பு மூடத் தொடங்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாத்திரம் இது சாதாரண விடயமல்ல. அவர்களின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். தார் வீதியிலும் சுடுமணலிலும் வெறுங்காலோடு நடந்து, கொப்பளித்தது தெரியாமலே புண்ணாகி, விரலை எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு. நல்லூர்த் திருவிழாவும் மடுத் திருவிழாவும் இந்த வெயில் காலத்திலேயே வருகின்றன. நேர்த்திக்காக வெறுங்காலோடு நடக்கும் நீரிழிவுக்காரர் காலையில் வெயில் ஏறுமுன் நடப்பது நல்லது. ஊறவைக்கும்போதும் தண்ணீர் சூடா என்று காலால் பாராமல், வீட்டிலுள்ள வேறொருவரின் கையால் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் உள்ளங்காலை ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும்.

அம்மாள் வருத்தம்

கொப்புளிப்பானும் கோடையில் நெருக்கமான இடங்களில் வேகமாகப் பரவும். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். வேப்பிலையில் படுக்க வைப்பதும், வீட்டைத் துப்புரவாக வைத்து ஆட்களை உள்ளே விடாதிருப்பதும் நல்ல வழக்கங்களே. உடம்பில் தண்ணீரே படக்கூடாது என்பது மட்டும் சரியல்ல. வேர்வையும் ஊத்தையும் சேர்ந்தால் கொப்புளங்கள் சீழ் வைக்கும். தேய்க்காமல் மெல்லத் தண்ணீர் ஊற்றி ஒற்றித் துடைக்கலாம். பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுக்காதீர்கள். கர்ப்பிணித் தாய்மார் அந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாது. போய்விட்டிருந்தால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

கடிக்காத தழும்பு

இதுவரை சொன்னவை எல்லாம் கடிப்பவை. கடிக்காதவை இரண்டு உண்டு. ஒன்று, பூச்சி கடித்தது போலத் தொடங்கி, நோவில்லாமல் வாரக்கணக்கில் ஆறாது நிற்கும் கட்டி அல்லது புண். மணல் ஈ கடிப்பதால் பரவும் லீஷ்மேனியாசிஸ் நோயாக அது இருக்கலாம். இலங்கையின் உலர் வலயத்தில் இது காணப்படுகிறது. மற்றது, வெளிறிய ஒரு தழும்பு. கோடையில் வேர்வையோடு நெஞ்சிலும் முதுகிலும் பரவலாக வரும் தேமல் என்று பலர் அதை விட்டு விடுகிறார்கள். கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகாலோ பஞ்சாலோ அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லையென்றால் அது தேமல் அல்ல, தொழுநோயாக இருக்கக்கூடும். இலங்கையில் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இது புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. அரசாங்க வைத்தியசாலைகளில் தோல் சிகிச்சைப் பிரிவில் மருந்து இலவசம். நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ விடாமல் எடுக்க வேண்டும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது. வருத்தக்காரருக்கு வேறு கோப்பையோ வேறு பாயோ தேவையில்லை. இடையில் வேறு இடத்துக்குப் போக வேண்டி வந்தால், மருந்து அட்டையைக் கையோடு எடுத்துச்சென்று, போகும் இடத்திலுள்ள வைத்தியசாலையில் காட்டி அங்கிருந்தே தொடரலாம்.